பாடம் கல்லூரியில், பட்டம் சேப்பாக்கத்தில்: சென்னை மகளிர் கல்லூரி மாணவியின் மூன்று வருடம்

சென்னையில் ஒரு மகளிர் கல்லூரியில் பி.காம். சேரும் மாணவி இரண்டு நிர்வாகங்களுக்குக் கீழே வருகிறார். பாடம் நடத்துவது, வருகைப் பதிவு எடுப்பது, இன்டர்னல் மார்க் போடுவது, டிசி கொடுப்பது கல்லூரி. பட்டம் தருவது சேப்பாக்கத்தில் இருக்கும் சென்னைப் பல்கலைக்கழகம். மூன்று வருடத்தில் மாணவிகளுக்கு வரும் தலைவலிகளில் பெரும்பகுதி பாடம் கடினமாக இருப்பதால் வருவதல்ல. எந்த வேலை எந்த அலுவலகத்தின் பொறுப்பு என்று சொல்லித்தர ஆளில்லாததால் வருபவை. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு அது இன்னும் கடுமையாக விழுகிறது. அண்ணனோ அக்காவோ படித்திருந்தால் சாப்பாட்டு நேரத்தில் தெரிந்துகொண்டிருக்கக்கூடிய விஷயத்தை, அவர் கடைசித் தேதி தாண்டிய பிறகு தெரிந்துகொள்கிறார்.

இந்த அமைப்பு பழையது. 1857-இல் கல்கத்தா, பம்பாய் பல்கலைக்கழகங்களோடு சென்னைப் பல்கலைக்கழகமும் தொடங்கப்பட்டபோது லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள். அதன்படி பல்கலைக்கழகம் தேர்வு நடத்தும், பட்டம் கொடுக்கும். வகுப்பு நடத்துவது கல்லூரிகளின் வேலை. பெண்களுக்கான கல்லூரிகள் இந்த ஏற்பாட்டுக்குள்தான் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. 1914-இல் மெரினா எதிரே, கேப்பர் ஹவுஸ் என்ற கட்டடத்தில் அரசு தொடங்கிய மகளிர் கல்லூரி 1917-இல் ராணி மேரிக் கல்லூரி ஆனது. அதன் முதல் முதல்வர் டோரதி டி லா ஹே. அடுத்த வருடமே, 1915-இல், மகளிர் கிறித்துவக் கல்லூரி வந்தது. 1947-இல் ஸ்டெல்லா மேரிஸ், 1948-இல் பாரிஸ்டர் எத்திராஜ் நிறுவிய கல்லூரி, 1964-இல் வடசென்னைப் பெண்களுக்காக பாரதி மகளிர் கல்லூரி, 1974-இல் அண்ணா சாலையில் காயிதே மில்லத் அரசு மகளிர் கல்லூரி. ராணி மேரிக் கல்லூரிக் கட்டடங்களை இடித்துவிட்டுத் தலைமைச் செயலகம் கட்ட 2003-இல் அரசு முடிவு செய்தபோது, மாணவிகள் வளாகத்திலேயே உட்கார்ந்து போராடினார்கள். கல்லூரி இன்றும் அதே இடத்தில் இருக்கிறது.

1978-இல் தமிழகத்தில் தன்னாட்சி முறை தொடங்கியபின் பல கல்லூரிகள் தங்கள் பாடத்திட்டத்தையும் கேள்வித்தாளையும் தாங்களே தயாரிக்கின்றன. நகரத்தின் பெயர் பெற்ற மகளிர் கல்லூரிகள் பெரும்பாலும் தன்னாட்சி பெற்றவையே. அங்கே தேர்வு சம்பந்தமான எதற்கும் கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தைத்தான் பார்க்க வேண்டும். சேப்பாக்கம் போய் நிற்பதால் பயனில்லை. தன்னாட்சி இல்லாத கல்லூரியில் ஹால் டிக்கெட், ரிசல்ட், மறுமதிப்பீடு எல்லாமே பல்கலைக்கழகத்திலிருந்து வரும். பட்டச் சான்றிதழ் மட்டும் இரண்டு வகைக்கும் பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே. கல்லூரியில் கால் வைத்த முதல் வாரத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் கேள்வி, நம்முடைய கல்லூரி இதில் எந்த வகை என்பது.

சேர்க்கையும் ஷிப்ட்டும்

அரசுக் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். உதவிபெறும் கல்லூரிகளும் தனியார் கல்லூரிகளும் தனித்தனியாக விண்ணப்பம் வாங்குகின்றன. அரசுக் கல்லூரித் தரவரிசையில் பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. பி.ஏ. தமிழுக்கு பிளஸ் டூ தமிழ் மார்க், பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மார்க் பார்ப்பார்கள். மற்ற எல்லாப் படிப்புக்கும் மொழிப்பாடங்களை விட்டுவிட்டு நான்கு பாடங்களின் கூட்டுத்தொகை, அதாவது 400-க்கு எவ்வளவு என்பதுதான் கணக்கு. 600-க்கு எடுத்த மொத்த மார்க்கை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பெண்ணோடு ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். இடஒதுக்கீடு 69 விழுக்காடு: பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, பட்டியல் சாதியினர் 15, அருந்ததியர் 3, பழங்குடியினர் 1. மீதி 31 பொதுப்பிரிவு, அதில் எல்லாச் சமூகத்தாரும் போட்டியிடலாம்.

உதவிபெறும் கல்லூரியில் ஒரே பி.காமுக்கு இரண்டு கட்டணம் இருப்பதைப் பார்த்துப் பெற்றோர் திகைப்பார்கள். உதவிபெறும் பிரிவில் ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கிறது, அதனால் கட்டணம் குறைவு. சுயநிதிப் பிரிவில் ஆசிரியர் சம்பளம் மாணவியின் கட்டணத்திலிருந்து போகிறது. பட்டச் சான்றிதழில் இந்த வித்தியாசம் தெரியாது. எனவே உதவிபெறும் பிரிவில் இடம் கிடைக்கும் வாய்ப்பு இருந்தால், இரண்டாவது பட்டியல் வரும்வரை காத்திருப்பது மதிப்புள்ளது.

மொழிப்பாடத் தேர்வில் யோசிக்காமல் டிக் அடிப்பவர்கள் அதிகம். பட்டப்படிப்புப் பாடங்களைப் பகுதி பகுதியாகப் பிரித்திருப்பார்கள். மொழிப்பாடமான பகுதி ஒன்றில் தமிழுக்குப் பதில் இந்தியோ பிரெஞ்சோ எடுத்தாலும் தமிழை முழுதாகத் தவிர்க்க முடியாது. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் படித்தவர் பகுதி நான்கில் சிறப்புத் தமிழ் எழுத வேண்டும், படிக்காதவர் அடிப்படைத் தமிழ் எழுத வேண்டும். மார்க் எளிதாக வரும் என்று பிரெஞ்சு எடுத்தவர், கூடவே சிறப்புத் தமிழும் எழுத வேண்டியிருப்பதை வகுப்பு தொடங்கிய பிறகுதான் பார்க்கிறார்.

பல கல்லூரிகளில் காலை ஷிப்ட், பிற்பகல் ஷிப்ட் என்று இரண்டு உண்டு. கல்லூரிக்குக் கல்லூரி நேரம் மாறும் என்றாலும், காலை ஷிப்ட் மதியம் ஒன்றரை வாக்கில் முடியும், இரண்டாவது ஷிப்ட் மாலை ஆறைத் தொடும். நகருக்குள் வீடு இருப்பவருக்கு எது கிடைத்தாலும் சமாளிக்கலாம். கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர், செங்கல்பட்டிலிருந்து வருபவருக்கு ஷிப்ட்தான் வாழ்க்கையையே தீர்மானிக்கிறது. காலை ஷிப்ட் என்றால் விடிவதற்கு முன் கிளம்ப வேண்டும். பிற்பகல் ஷிப்ட் என்றால் வீடு சேர எட்டரை ஒன்பது ஆகும். ஸ்டேஷனிலிருந்து வீடுவரையான இருட்டு வழிக்கு யாராவது வந்து கூட்டிப்போக வேண்டும். இந்தக் கடைசி இரண்டு கிலோமீட்டருக்காகவே படிப்பை நிறுத்தும் குடும்பங்கள் உண்டு. சேரும்போதே மாலை வண்டி நேரத்தையும் தெருவிளக்கையும் கணக்கில் எடுத்துக்கொண்டு பேசி முடிவு செய்வது நல்லது.

பயணச் செலவைக் குறைக்க இரண்டு வழி இருக்கிறது. மாநகரப் பேருந்துகளில் சாதாரணக் கட்டண வண்டிகளில் 2021 மே மாதம் முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. டீலக்ஸ், எக்ஸ்பிரஸ், ஏசி வண்டிகளுக்கு இது பொருந்தாது. அவசரத்தில் வந்த டீலக்ஸில் ஏறினால் டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும். இரண்டாவது வழி பலருக்குத் தெரியாதது. பட்டப்படிப்பு முடியும்வரை மாணவிகளுக்கு வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே இரண்டாம் வகுப்பு மாத சீசன் டிக்கெட்டை ரயில்வே இலவசமாகத் தருகிறது. ஆண்களுக்கு இது பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிடும். இதற்குரிய படிவத்தைக் கல்லூரி அலுவலகத்தில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி டிக்கெட் கவுன்ட்டரில் கொடுக்க வேண்டும். ஏறும் ஸ்டேஷன் வீட்டு முகவரிக்குப் பொருந்துகிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

வருகைப் பதிவு

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். மாணவிகள் அதிகம் இழப்பது இங்கேதான்.

ஒரு செமஸ்டருக்கு ஏறத்தாழ 90 வேலை நாள். 75 விழுக்காடு இருந்தால் தேர்வு எழுதலாம். அதாவது 68 நாள் வர வேண்டும், 22 நாள் விடுப்பு எடுக்கலாம். 65 முதல் 74 வரை இருந்தால் கன்டோனேஷன், அதாவது வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்ளக் கேட்கும் விண்ணப்பத்துக்கான கட்டணம் கட்டி, காரணம் எழுதி, அனுமதி பெற்று எழுதலாம். 50 முதல் 64 வரை இருந்தால் அந்த செமஸ்டர் தாள்களை அந்தத் தேர்வில் எழுத முடியாது, முன்பு தேறாமல் நின்ற அரியர் தாள்களை மட்டும் எழுதலாம். 50-க்குக் கீழே போனால் அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும். பல்கலைக்கழகம் வைத்திருக்கும் படிநிலை இதுதான். தன்னாட்சிக் கல்லூரிகள் இதில் சிறு மாற்றம் செய்யலாம் என்பதால், கைப்புத்தகத்தில் அந்தப் பக்கத்தை ஒருமுறை வாசித்துவிட வேண்டும்.

22 நாள் தாராளமாகத் தெரியும். ஆனால் முதல் மணி நேரத்துக்கு வரத் தவறினால் அரை நாள் கழிக்கும் கல்லூரிகள் நிறைய. வாரத்தில் இரண்டு நாள் ரயில் தாமதத்தால் முதல் வகுப்பு போனது என்று வைத்துக்கொள்வோம். 18 வாரத்தில் 36 அரை நாள், அதாவது 18 முழு நாள் கரைந்துவிட்டது. மிச்சம் 4 நாளில் காய்ச்சல், வீட்டு விசேஷம், மாதவிடாய் வலியில் எழுந்திருக்க முடியாத நாள்கள் எல்லாவற்றையும் அடக்க வேண்டும். ஒருநாள்கூட வேண்டுமென்று மட்டம் போடாத பெண் கன்டோனேஷன் பட்டியலில் வந்து நிற்பது இப்படித்தான். கல்லூரிக்குப் பக்கத்தில் குடியிருப்பவரை மனதில் வைத்து எழுதப்பட்ட விதி இது. தொலைவிலிருந்து வருபவர் மேல் அதே விதி இரட்டிப்பாக விழுகிறது. முதல் மணி நேரத் தாமதத்தை அரை நாளாகக் கழிக்காமல் ஒரு மணி நேரமாக மட்டும் கழித்தால் போதும், பாதிப் பிரச்சினை தீரும். அதைச் செய்யும் அதிகாரம் கல்லூரிகளிடமே இருக்கிறது.

மெடிக்கல் சர்டிபிகேட் கொடுத்தால் வருகை கூடும் என்ற நம்பிக்கை தவறு. கன்டோனேஷன் கேட்கும்போது காரணத்துக்கு ஆதாரமாக மட்டுமே அது பயன்படும். ஓ.டி. எனப்படும் கல்லூரிப் பணி விடுப்புதான் வருகையாகக் கணக்கில் சேரும். என்சிசி முகாம், விளையாட்டு, வேறு கல்லூரிக் கல்ச்சுரல்ஸ் போன்றவற்றுக்குப் போகும்முன்பே கடிதத்தில் துறைத்தலைவரின் கையெழுத்து வாங்க வேண்டும். போய்வந்த பிறகு வாங்கலாம் என்று விட்டால், கடிதம் பொறுப்பாசிரியர் மேஜையிலேயே தங்கிவிடும். செமஸ்டர் முடிவில் பட்டியல் ஒட்டும்போது அதைத் தேடி ஓட நேரம் இருக்காது. கடிதத்தை செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

திருமணமான மாணவி படிக்கும்போது கருவுற்றால், கன்டோனேஷனுக்கான குறைந்தபட்ச வருகை 65-க்குப் பதில் 55 விழுக்காடு என்று பல்கலைக்கழக விதி தளர்த்தியிருக்கிறது. அரசு மருத்துவமனையில் மகப்பேறு மருத்துவரிடம் சான்று வாங்கிக் கல்லூரி மூலம் அனுப்ப வேண்டும். தனியார் மருத்துவமனைச் சான்று இதற்குச் செல்லாது. கல்யாணம் ஆனதும் படிப்பு முடிந்தது என்று வீட்டார் முடிவு செய்யும் இடங்களில் இந்த ஒரு விதியை எடுத்துக் காட்டினாலே பேச்சு மாறும். ஆனால் இதை அறிவிப்புப் பலகையில் ஒட்டும் கல்லூரிகள் மிகக் குறைவு.

டே ஆர்டர் முறையும் புதியவர்களைக் கொஞ்சம் திணறடிக்கும். கால அட்டவணை திங்கள், செவ்வாய் என்று போகாது. ஒன்று முதல் ஆறு வரை எண்ணில் போகும். நடுவே விடுமுறை வந்தால் அந்த எண் மறுநாளுக்குத் தள்ளிப்போகும். எந்தப் பாடமும் விடுமுறையால் அடிபடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு இது, நல்ல ஏற்பாடுதான். பகுதிநேர வேலைக்குப் போகிறவர் மட்டும் முதலாளியிடம் கிழமை சொல்லி ஒத்துக்கொள்வதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

இன்டர்னல் 25, எக்ஸ்டர்னல் 75

ஒரு தாளின் 100 மார்க்கில் கல்லூரி போடும் இன்டர்னல் 25, செமஸ்டர் தேர்வான எக்ஸ்டர்னல் 75. இளநிலையில் ஒரு தாளில் தேற மொத்தம் 40 வேண்டும். அதோடு எக்ஸ்டர்னல் 75-இல் தனியாக 30 எடுத்தாக வேண்டும். இன்டர்னலுக்குக் குறைந்தபட்சம் கிடையாது. இன்டர்னலில் 24 வாங்கியவர் எக்ஸ்டர்னலில் 29 எடுத்தால் மொத்தம் 53, இருந்தும் அரியர். எக்ஸ்டர்னலில் சரியாக 30 எடுத்தவருக்கு இன்டர்னலில் 10 இருந்தால் தேறிவிடுவார், 8 இருந்தால் இரண்டு மார்க்கில் போய்விடும்.

இன்டர்னலின் 25 பொதுவாகத் தேர்வுக்கு 10, செமினாருக்கு 5, அசைன்மென்ட்டுக்கு 5, வருகைக்கு 5 என்று பிரிகிறது. வருகை இங்கேயும் வந்துவிட்டதைக் கவனியுங்கள். வருகை குறைந்தவர் தேர்வு எழுதும் தகுதியிலும் அடிபடுகிறார், மார்க்கிலும் அடிபடுகிறார்.

பல்கலைக்கழகத் தாள் பலவற்றில் அமைப்பு இப்படி இருக்கும்: இரண்டு மார்க் கேள்வி 10, ஐந்து மார்க் 5, பத்து மார்க் 3. மூன்று மணி நேரம். சறுக்குவது எங்கே என்றால், தெரிந்த இரண்டு மார்க் கேள்விக்கு அரைப் பக்கம் எழுதி முதல் ஒரு மணி நேரத்தை அங்கேயே செலவழிப்பதில். இரண்டு மார்க் பகுதிக்கு 30 நிமிடம், ஐந்து மார்க் பகுதிக்கு 65, பத்து மார்க் பகுதிக்கு 75 என்று வைத்தால் 10 நிமிடம் மிஞ்சும். பத்து மார்க்கில் ஒரு கேள்வி விட்டுப்போனால் அதை ஈடுகட்ட ஐந்து இரண்டு மார்க் கேள்வி வேண்டும்.

தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலவழி வகுப்புக்கு வரும் மாணவிக்கு முதல் செமஸ்டர்தான் மலை. பாடம் தமிழில் புரிந்திருக்கும், எழுத வாக்கியம் வராது. ஒவ்வொரு பாடத்திலும் முப்பது நாற்பது கலைச்சொற்களுக்கு இரண்டு வரி வரையறையைக் கையால் எழுதிப் பழகினால் இரண்டு மார்க் பகுதி முழுதும் கைக்கு வந்துவிடும். அது 20 மார்க். தேவைப்படும் 30-இல் மூன்றில் இரண்டு பங்கு. சீனியர் அக்காக்களின் பழைய நோட்டுகள் இதற்குத்தான் உதவும். கட்டுரை வடிவப் பதில்களை அவற்றிலிருந்து மனப்பாடம் செய்வது, பாடத்திட்டம் மாறியிருந்தால் வீண்.

மறுமதிப்பீட்டுக்கு முடிவு வந்தபின் சில நாள்களே அவகாசம் தருவார்கள். எக்ஸ்டர்னலில் 26 முதல் 29 வரை எடுத்தவர் யோசிக்காமல் விண்ணப்பிப்பது சரி. கடைசி வருடத்தில் ஒரே ஒரு தாள் மட்டும் நின்றால் உடனடித் தேர்வு என்ற வாய்ப்பும் பல்கலைக்கழகத்தில் உண்டு. முழு செமஸ்டர் காத்திருக்க வேண்டியதில்லை.

கைக்கு வர வேண்டிய பணம்

ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று பாரதி மகளிர் கல்லூரியில் தொடங்கப்பட்டது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் 2024 டிசம்பரில் விரிவாக்கினார்கள். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதையும் வாங்கலாம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டாம் வகுப்புவரை தனியார் பள்ளியில் படித்து ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவரும் தகுதியானவரே. தொலைநிலைக் கல்விக்குக் கிடையாது. பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவிகளுக்கு அரசு, உதவிபெறும் கல்லூரிகளில் மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசக் கல்வித் திட்டம் இருக்கிறது. சுயநிதிப் பிரிவுக்கு அது பொருந்தாது.

விண்ணப்பித்தும் பணம் வராததற்குக் காரணம் பெரும்பாலும் வங்கியில்தான் கிடைக்கும். உதவித்தொகை கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை; ஆதார் கடைசியாக எந்த வங்கியோடு இணைக்கப்பட்டதோ அங்கே போகிறது. பள்ளியில் திறந்த கணக்கு ஒன்று, அம்மாவோடு சேர்ந்து வைத்திருக்கும் கணக்கு ஒன்று என்று இருந்தால், பணம் மறந்துபோன கணக்கில் மாதக்கணக்கில் சேர்ந்துகொண்டிருக்கும். ஆதார் இணையதளத்தில் எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று பார்க்கலாம். அதற்கு ஓடிபி வரும் எண் ஆதாரில் இருக்க வேண்டும். அது அப்பாவின் பழைய எண்ணாக இருந்தால் முதலில் இ-சேவை மையத்திலோ ஆதார் மையத்திலோ மாற்றிவிட்டு வர வேண்டும். ஒவ்வொரு கல்வியாண்டிலும் கல்லூரியில் மாணவியின் பதிவைப் புதுப்பிக்காவிட்டாலும் பணம் நின்றுவிடும். இரண்டாம் வருடத்தில் திடீரென்று நின்றுபோனால் முதலில் கல்லூரியின் பொறுப்பு அலுவலரைப் பாருங்கள், பிறகு வங்கி.

தங்குமிடமும் வளாகமும்

பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் வீட்டுக்கும் கல்லூரிக்கும் 8 கிலோமீட்டர் தூரம் இருக்க வேண்டும் என்ற விதி மாணவிகளுக்குப் பொருந்தாது. வீட்டில் படிக்க இடமில்லாத நகரத்துப் பெண்ணும் விண்ணப்பிக்கலாம் என்று இதற்குப் பொருள். கல்லூரி ஹாஸ்டலில் லோக்கல் கார்டியன் பெயர் கேட்பார்கள். இரவு பத்து மணிக்கு அழைத்தாலும் வந்து நிற்கக்கூடியவர் பெயரைக் கொடுங்கள், மரியாதைக்காகத் தெரிந்தவர் பெயரைக் கொடுக்காதீர்கள்.

ஆண்கள் இல்லாத வளாகத்தில் எல்லா வேலையும் பெண்கள் கைக்கு வருகிறது. மேடை கட்டுவது, ஒலிபெருக்கிக்காரரோடு விலை பேசுவது, ஸ்பான்ஸர் தேடி தி.நகர் கடைகளில் ஏறி இறங்குவது, யூனியன் தேர்தலில் நின்று வாக்குக் கேட்பது எல்லாம் மாணவிகளே. மகளிர் கல்லூரிகளின் மிகப் பெரிய பலம் இது. நாட்டு நலப்பணித் திட்டத்தில் வருடம் 120 மணி நேரம், இரண்டு வருடத்தில் 240, கூடவே ஏழு நாள் முகாம் முடித்தால் சான்றிதழ். மணிக் கணக்கை யூனிட் டைரியில் அன்றன்றே எழுதி வாங்கவில்லை என்றால் கடைசியில் 240 தேறாது.

மகளிர் கல்லூரிக்கு, பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழு எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆசிரியர், அலுவலர், வெளியிலிருந்து வரும் பயிற்சியாளர் யாராக இருந்தாலும் அதன் வரம்பில் வருவார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிகளின்படி நிகழ்ந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். மாணவி சம்பந்தப்பட்ட விசாரணையில் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று மாணவப் பிரதிநிதிகள் குழுவில் இருக்க வேண்டும். கல்லூரியில் சொல்லத் தயக்கம் என்றால் பெண்கள் உதவி எண் 181.

கடைசி செமஸ்டர்

எம்.காம்., எம்.எஸ்சி. சேர்க்கை பட்டச் சான்றிதழுக்காகக் காத்திருக்காது. ஆறு செமஸ்டர் மார்க் ஷீட்டும் புரொவிஷனல் எனப்படும் தற்காலிகச் சான்றிதழும்தான் முதலில் தேவைப்படும். வேறு பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர் மைக்ரேஷன் சான்றிதழும் கேட்டு வாங்க வேண்டும். அதைத் தருவது சேப்பாக்கம், கல்லூரி அல்ல. டிசியையும் நடத்தைச் சான்றையும் தருவது கல்லூரி. நூலகம், ஆய்வகம், ஹாஸ்டல் என்று எங்கும் பாக்கி இல்லை என்ற கையெழுத்துகள் சேர்ந்த பிறகே டிசி கிடைக்கும் என்பதால், கடைசித் தேர்வுக்கு முன்பே நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது.

பெயரைப் பற்றி ஒன்று. பிளஸ் டூ மார்க் ஷீட்டில் எஸ். கவிதா, ஆதாரில் கவிதா செல்வம் என்று இருந்தால் பட்டத்தில் முதலாவதுதான் வரும். பாஸ்போர்ட்டும் வங்கியும் இரண்டாவதைக் கேட்கும். பட்டம் அச்சான பிறகு பல்கலைக்கழகத்தில் திருத்தம் கேட்டால், முதலில் பள்ளிச் சான்றிதழைத் திருத்தி வரச் சொல்வார்கள். ஆதாரை பிளஸ் டூ சான்றிதழில் உள்ளபடி மாற்றிக்கொள்வது இரண்டில் எளிய வேலை. முதலாம் ஆண்டிலேயே அதை முடித்துவிட்டால் உதவித்தொகை விண்ணப்பத்திலும் அந்தத் தடை வராது.